ஹிட்லர் என்று சொன்னால் போதுமா?

பிடிக்காத ஆட்சியாளரின் படத்தில் ஒரு குட்டி மீசையை ஒட்டிவிட்டால் அரசியல் விமர்சனம் முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நாம் மோடியை ஹிட்லர் என்கிறோம். 2018 ஜூனில் அருண் ஜெட்லி, நெருக்கடி நிலையை நினைவூட்டி இந்திரா காந்தியை ஹிட்லரோடு ஒப்பிட்டு எழுதினார். ஆளுக்கொரு ஹிட்லர் கையிலிருக்கிறார். விவாதம் மட்டும் ஓரடியும் நகரவில்லை.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே என் கேள்வி.

முதலில், நம் ஊரில் ஹிட்லர் என்ற பெயர் யாரையும் சுடுவதில்லை. கண்டிப்பான தலைமையாசிரியருக்கு அது பட்டப்பெயர். சினிமாவுக்குத் தலைப்பு. அவர் எழுதிய புத்தகம் நடைபாதைக் கடையில் சுயமுன்னேற்ற நூல்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. "பத்து வருசம் மிலிட்டரி ஆட்சி வந்தாத்தான் இந்த நாடு உருப்படும்" என்று பேசும் உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு. அவரிடம் போய், "உங்க தலைவர் ஒரு ஹிட்லர்" என்று சொல்லிப் பாருங்கள். பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். அறுபது லட்சம் யூதர்களும் லட்சக்கணக்கான ரோமா மக்களும் கொல்லப்பட்டது அந்தப் பெயரோடு இங்கே ஒட்டவே இல்லை.

ஆகவே பெயரை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்வோம். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரை ஆட்சித் தலைவராக நியமித்தவர் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர். பிப்ரவரி இறுதியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் ஓர் அவசர ஆணையில் பறிபோயின. மார்ச் 23 அன்று சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றமே ஹிட்லரின் அமைச்சரவைக்குத் தூக்கிக் கொடுத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்டு உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டும்தான். ஏப்ரலில் யூதர்கள் அரசு வேலையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் அவர்களின் குடியுரிமையைப் பறித்தன. யூதரும் ஜெர்மானியரும் மணப்பது குற்றமானது.

இந்தக் கடைசி வரியைச் சாதி ஒழிப்புப் பேசும் நாம் இன்னொரு முறை படிக்க வேண்டும். அகமணம்தான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916 இலேயே சொல்லிவிட்டார். ரத்தக் கலப்பைத் தடுக்க ஜெர்மனியில் சட்டமும் போலீசும் நீதிமன்றமும் தேவைப்பட்டன. இங்கே 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் யாரும் யாரையும் மணக்கலாம் என்கிறது. ஆனாலும் 2016 மார்ச்சில், சாதி கடந்து மணந்த தலித் இளைஞர் ஒருவர் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஊர் பார்க்க வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே அரசு ஆணை போட்டுச் செய்ததை இங்கே சொந்தக் குடும்பமே செய்து முடிக்கிறது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996 இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் பத்து ஆண்டுகள் தேர்தலை முடக்கினார்கள். அப்படியே யாராவது வென்றாலும் உடனே பதவி விலக வைத்தார்கள். அந்தப் பத்து ஆண்டும் நாட்டில் அரசமைப்புச் சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, தேர்தல் ஆணையம் இருந்தது. சர்வாதிகாரி என்று ஒருவரும் இல்லை. சர்வாதிகாரம் இருந்தது.

இதைச் சொல்வதால் டெல்லியில் நடப்பதை நான் சிறிதாக்கவில்லை. சங்கப் பரிவாரத்துக்கும் ஐரோப்பியப் பாசிசத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்ட மீசை தேவையில்லை, வரலாறே போதும். ஹெட்கேவாரின் வழிகாட்டியான மூஞ்சே 1931 மார்ச்சில் ரோம் சென்று முசோலினியைச் சந்தித்தார். அங்குள்ள இளைஞர் பயிற்சி அமைப்புகளைப் பார்வையிட்டார். கோல்வால்கரின் 1939 ஆம் ஆண்டு நூல் ஜெர்மனியின் இனப்பெருமையை நமக்கான பாடமாக முன்வைத்தது. இவற்றைத் தேதியோடு சொன்னால் எதிராளி பதில் சொல்லியாக வேண்டும். வசவுக்குப் பதில் வசவோடு அவர் தப்பித்துவிடுவார். நமக்கு மட்டும் போராடிவிட்ட திருப்தி மிஞ்சும்.

அடுத்த முறை ஒப்பிடும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருடைய உரிமை முதலில் போனது? எந்த உத்தரவால் போனது? மற்றவர்கள் அப்போது என்ன செய்தார்கள்? நெருக்கடி நிலைக்கும் இவை பொருந்தும். இன்றைய டெல்லிக்கும் பொருந்தும், உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

நம் பக்கத்துக்கும் பொருந்தும். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எச்சரித்தார்: மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்குமே வழி. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஊரில், தலைவரைக் கேள்வி கேட்டவரைத் துரோகி என்று முத்திரை குத்தும் அமைப்புகளில் இருந்துகொண்டு, அடுத்தவர் படத்துக்கு மட்டும் மீசை வரைவது எளிது. நம் தலைவரிடம் ஒரு கேள்வி கேட்பது கடினம். சர்வாதிகாரத்தை எதிர்க்கும் வேலை அந்தக் கடினமான இடத்தில்தான் தொடங்குகிறது, தோழர்களே.