பிளைவீலைக் கடைந்து இலேசாக்குவது நன்மையா?

இரண்டு ஸ்டிரோக் இஞ்சின் பூட்டிய ஏ.டி.வி. என்னும் நாற்சக்கர வண்டிகளில், யமஹா கம்பெனியார் அமெரிக்காவில் 1988 முதல் 2006 வரை விற்ற 195 கன சென்டிமீட்டர் பிளாஸ்டர் பேர் பெற்றது. இத்தகைய வண்டியின் பிளைவீலைக் கடைந்து எடை குறைத்தால் இஞ்சினின் பலம் கூடும் என்பர் சிலர். பண்ணை வேலைக்கு இது பொருந்தாது என்பதே நமது அபிப்பிராயம்.

பிளைவீல் சக்தியை உண்டாக்குவதன்று, சேமித்து வைப்பது. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையில் ஓட்டம் தளராமல் தாங்குவது அதுவே. நீரிறைக்கும் பழைய ஆயில் இஞ்சினின் கனத்த சக்கரத்தைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். எடை குறைந்தால் இஞ்சின் விரைவில் வேகம் பிடிக்கும். உச்சக் குதிரைசக்தியோ கூடுவதில்லை. மேலும், சேற்றிலும் மேட்டிலும் சுமையுடன் மெல்லச் செல்லுங்கால் இஞ்சின் எளிதில் நின்றுவிடும். பந்தயக்காரருக்கு லாபமாவது பண்ணைக்காரருக்கு நஷ்டமாகிறது.

சுமை இழுப்போர், அவசியமானால், சில அவுன்சு எடையுள்ள வளையத்தைச் சேர்ப்பதே தகும். மையத்திலிருந்து இருமடங்கு தூரத்தில் வைத்த எடை நான்கு மடங்கு பயன் தரும்.

எம்மாற்றமாயினும் சமநிலை பார்த்தே செய்தல் வேண்டும். தவறினால் பேரிங்குகள் கெடும். உட்புறக் காந்தங்களே தீப்பொறிக்கு மின்சாரம் தருவதால், அதிகச் சூடு அவற்றிற்கு ஆகாது. சுழலும் வேகம் இரட்டித்தால் விளிம்பைப் பிளக்கும் விசை நான்கு மடங்காகும். அளவு மீறிக் கடைந்த சக்கரம் சிதறினால் உயிருக்கே அபாயம்.

ஆகையால், வண்டி செய்யவேண்டிய வேலை இன்னதென்று நிச்சயித்துக்கொண்ட பின்னரே பட்டறைக்குச் செல்வது விவேகமாகும்.