அரசின் கடன் கணக்கை யார் சரிபார்ப்பது?

பிபிஎஃப் கணக்கில் பணம் போடுபவரா நீங்கள்? அஞ்சலகத்தில் மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறீர்களா? இந்தப் பணமெல்லாம் சேரும் இடம் தேசிய சிறுசேமிப்பு நிதியம். சில ஆண்டுகளுக்கு முன்பு, ரேஷன் அரிசிக்கு மத்திய அரசு தர வேண்டிய மானியத்தில் ஒரு பகுதி இந்த நிதியத்திலிருந்துதான் கடனாகப் போனது. உங்கள் பணத்துக்கு ஆபத்து எதுவும் வரவில்லை. ஆனால், அந்தக் கடன் அரசின் நிதிப் பற்றாக்குறைக் கணக்கில் காட்டப்படவே இல்லை!

எப்படி நடந்தது?

இந்திய உணவுக் கழகம் நெல்லையும் கோதுமையையும் அதிக விலைக்கு வாங்கி, ரேஷனுக்குக் குறைந்த விலையில் தருகிறது. இடையில் விழும் துண்டுதான் உணவு மானியம். அதை பட்ஜெட்டிலிருந்து அரசு தர வேண்டும். ஆனால் 2016-17 முதல், கொஞ்சம் பட்ஜெட்டில் கொடுத்துவிட்டு, மீதிக்கு சிறுசேமிப்பு நிதியத்திலிருந்து உணவுக் கழகத்தைக் கடன் வாங்க வைத்தார்கள். கடன் கழகத்தின் பெயரில். கடைசியில் கட்டப்போவது அரசு. பற்றாக்குறை மட்டும் அழகாகக் குறைந்து தெரிந்தது.

இதைச் சுட்டிக்காட்டியது மத்திய தணிக்கை அமைப்பான சிஏஜி. 2021 பட்ஜெட்டில் அரசு இந்தப் பழக்கத்தைக் கைவிட்டது. அந்த ஒரே பட்ஜெட்டில், 2020-21க்கான உணவு மானியம் சுமார் 1.15 லட்சம் கோடி ரூபாயிலிருந்து 4.22 லட்சம் கோடியாகத் திருத்தப்பட்டது. கொரோனா கால இலவச தானியமும் இதில் அடக்கம். ஆனாலும், பழைய பாக்கியைக் கணக்கில் கொண்டுவந்தது பெரிய காரணம்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

2021இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஒரு எண் பிரபலமானது: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். கேட்டதும் பகீர் என்கிறது. ஆனால் கடன் தாங்குமா, தாங்காதா என்பதை அது சொல்லாது. 20 லட்சம் வீட்டுக்கடன் ஒருவருக்குச் சுலபம், இன்னொருவருக்குத் தூக்கம் போகும். சம்பளம் எவ்வளவு, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது, அதில் வட்டிக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் விஷயம்.

அரசுக்கும் அதே கேள்விகள்தான். கடன், ஜிடிபியில் எத்தனை சதவீதம்? வட்டி விகிதத்தைவிடப் பொருளாதாரம் வேகமாக வளர்கிறதா? வருவாயில் வட்டிக்கு எவ்வளவு? 2024-25 பட்ஜெட் மதிப்பீட்டின்படி, மத்திய அரசுக்கு வரும் ஒவ்வொரு 100 ரூபாய் வருவாயிலும் சுமார் 37 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது.

இப்போது ஏன் பேச வேண்டும்?

2018இல் திருத்தப்பட்ட நிதிப் பொறுப்புச் சட்டம், 2024-25க்குள் மத்திய அரசின் கடனை ஜிடிபியில் 40 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. நடக்கவில்லை, அது 57 சதவீதத்தை ஒட்டியே நின்றது. இப்போது புது இலக்கு: 2031 மார்ச்சுக்குள் சுமார் 50 சதவீதம். இனி பற்றாக்குறையைவிட இந்த விகிதம்தான் அரசுக்குத் திசைகாட்டி.

விகிதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருக்கும் கடனில் சிலவற்றை வேறு நிறுவனத்தின் பெயரில் எழுதலாம். கீழே இருக்கும் ஜிடிபி அமோகமாக வளரும் என்று கணிக்கலாம். ஒரு ரூபாய்கூட திருப்பிக் கட்டாமலே விகிதம் அழகாகிவிடும். அரசு நிறுவனத்தின் கடனைப் பட்ஜெட்டிலிருந்து அடைக்க வேண்டியிருந்தால், அதுவும் அரசின் கடன்தான் என்கிறது 2018 திருத்தம். அப்படித்தான் கணக்கிடுகிறார்களா என்று யாராவது பார்க்க வேண்டுமே!

‘சிஏஜி நடந்து முடிந்த கணக்கைத்தான் பார்க்க வேண்டும், எதிர்காலத்தைக் கணிப்பது அதன் வேலை இல்லை’ என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதை மக்கள் தேர்ந்தெடுத்த அரசுதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எதையெல்லாம் கடனாக எண்ணினார்கள், போன முறை சொன்ன வளர்ச்சிக் கணிப்பு பலித்ததா என்று பார்ப்பது ஜோசியம் இல்லை, தணிக்கைதான். கேரளாவின் கிஃப்பி போன்ற நிறுவனங்கள் வாங்கும் கடனை மாநிலக் கடனாகவே எண்ணும் மத்திய அரசு, அதே அளவுகோலைத் தனக்கும் வைத்துக்கொள்வதில் என்ன தயக்கம்?

என்ன செய்யலாம்?

சட்டத்தின் 7ஏ பிரிவு, இந்த ஆய்வை மத்திய அரசு சிஏஜியிடம் ‘ஒப்படைக்கலாம்’ என்கிறது. ஆய்வு நடந்தாலும் தாமதமாகத்தான் வருகிறது. 2016-17க்கான அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது 2019 ஜனவரியில். அதற்குள் இரண்டு பட்ஜெட்கள் போட்டு முடித்தாயிற்று.

அந்த ‘லாம்’ போய், ‘வேண்டும்’ வர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும், அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே அறிக்கை வர வேண்டும். பதினைந்தாவது நிதிக் குழு பரிந்துரைத்த சுதந்திரமான நிதி கவுன்சிலும் அமைந்தால், கணிப்புகளைச் சோதிக்க இன்னொரு கண் கிடைக்கும்.

இன்று 25 வயதில் இருப்பவர், இன்னும் 30, 35 ஆண்டுகள் வரி கட்டப் போகிறார். இன்று மறைக்கப்படும் கடனுக்கு வட்டி கட்டுபவரும் அவர்தான். உண்மையான தொகை எவ்வளவு என்று அவருக்கு இப்போதே தெரிய வேண்டாமா?