ஏலத்தில் வந்த வாள்

மகாராஷ்டிர அரசு ஒரு பழைய வாளை 47 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய் செலவில் வாங்கி இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி லண்டனில் ஏலம் நடந்தது. ஆகஸ்டு 18-ந் தேதி வாள் மும்பைக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டு வாளை நாமே ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

யாருடைய வாள்?

அது ரகுஜி போன்ஸ்லேயின் வாள். நாகபுரியில் போன்ஸ்லே அரசை நிறுவியவர் அவர். மராட்டியக் குதிரைப்படையின் பெரிய தளபதி. வாளின் அலகு ஐரோப்பாவில் செய்தது. அதில் ரகுஜியின் பெயர் தங்கத்தில் பொறிக்கப்பட்டு இருக்கிறது.

ரகுஜி தமிழ்நாட்டுக்கு அன்னியர் அல்ல. 1740-ம் ஆண்டு மே மாதம் அவரது குதிரைப்படை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. சித்தூர் பக்கம் தாமல்செருவு கணவாயில் கடும் போர் மூண்டது. ஆற்காடு நவாப் தோஸ்து அலிகான் களத்திலேயே மாண்டார். ஜவ்வாது மலை வட்டாரமும் அந்த நவாபின் சீமையைச் சேர்ந்ததுதான். மறு ஆண்டு திருச்சிக் கோட்டையும் ரகுஜியின் கைக்கு வந்தது.

கடல் கடந்தது எப்படி?

1817-ல் ஆங்கிலக் கம்பெனி சீத்தாபல்டி போரில் நாகபுரிப் படையை வென்றது. அப்போதுதான் வாளும் போயிருக்க வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு கருதுகிறது.

பழம்பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டு போகாமல் தடுக்க இந்தியாவில் 1972-ல் சட்டம் வந்தது. உலக நாடுகள் 1970-ல் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆனால் அதற்கு முன்பு போன பொருளைக் கட்டாயப்படுத்தித் திரும்பப் பெற இவை உதவுவது இல்லை. உடையவர் மனம் வைத்துக் கொடுக்க வேண்டும். அல்லது ஏலத்தில் எடுக்க வேண்டும்.

ஏலமும் எளிதல்ல. 2023-ம் ஆண்டு மே மாதம் திப்பு சுல்தானின் வாள் ஒன்று லண்டனில் 140 கோடி ரூபாய்க்கு மேல் விலை போனது!

செங்கத்தில் இருப்பது

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது செங்கம். 1767 செப்டம்பரில் திப்புவின் தந்தை ஐதர் அலியும் நிஜாமும் சேர்ந்து, கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படையோடு மோதிய இடம் அது. அன்று வாள் பிடித்த சிப்பாய்களின் பெயரை யாரும் தங்கத்தில் எழுதவில்லை.

ஆனால் அதே செங்கம் வட்டாரத்தில், அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே, சாதாரண வீரனுக்குக் கல் நட்டார்கள். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவனின் உருவத்தை ஆயுதத்தோடு செதுக்கி, அவன் பெயரையும் வட்டெழுத்தில் வெட்டினார்கள். அவைதான் நடுகற்கள். பல கற்களைத் தொல்லியல் துறை படித்து 1972-ல் நூலாக வெளியிட்டது.

போன வாளை மீட்கக் கோடிகள் வேண்டும். இருப்பதைக் காக்கக் கொஞ்சம் அக்கறை போதும். வயலோரத்தில் உருவம் செதுக்கிய கல்லைக் கண்டால் உடைக்காதீர்கள், துவைகல் ஆக்காதீர்கள். உழும்போது பழைய வாள் கிடைத்தால் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். தாசில்தாரிடம் சொல்லுங்கள். புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

இன்று வயலில் கிடப்பதை நம் பேரப்பிள்ளைகள் லண்டன் ஏலத்தில் தேடும்படி விட்டுவிடக் கூடாது.