பழுது பார்ப்பது குற்றமா?

“பழைய காரைக் கட்டிக்கொண்டு ஏன் மாரடிக்கிறாய்? தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கு!”

இந்த உபதேசத்தைக் கேட்காத டிரைவர் தோழர் இன்று ஒருவரும் இருக்கமாட்டார். கார் கம்பெனிக்காரர் சொல்கிறார். கடன் கொடுக்கக் காத்திருப்பவர் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். சர்க்காரும் சட்டம் எழுதிச் சொல்கிறது. சொல்லாதவர் ஒருவர்தான். அந்தக் காரை ஓட்டி அடுப்பெரிய வைக்கும் தொழிலாளி. அவரைக் கேட்பார் இல்லை. ஆகவே அவர் பக்கத்து நியாயத்தை இன்று நாம் பேச விரும்புகிறோம்.

பழைய கார் யாரிடம் இருக்கிறது? சீமான் வீட்டுக் கொட்டகையில் அல்ல. வாடகைக்கு ஓட்டும் டிரைவரிடம் இருக்கிறது. காய்கறி மூட்டை ஏற்றும் சிறு வியாபாரியிடம் இருக்கிறது. வயதான தாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல, சேமிப்பைத் திரட்டிப் பிறர் ஓட்டிய வண்டியை வாங்கிய ஆலைத் தொழிலாளியிடம் இருக்கிறது. அவர்களுக்கு அது ஆடம்பரம் அல்ல, கைக்கருவி. தச்சருக்கு உளி எப்படியோ, அப்படி.

புதுக் கார் வாங்கினால் கவலை தீரும் என்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று மாதத் தவணை ஓடும். சவாரி இல்லாத மாதத்திலும் தவணை உண்டு. காய்ச்சலில் படுத்த மாதத்திலும் தவணை உண்டு. பழைய வண்டியில் பழுது வந்தால்தான் செலவு. தவணையோ பழுது வராவிட்டாலும் செலவு! இந்த வித்தியாசம் பட்டவருக்குத்தான் தெரியும்.

பழைய வண்டியைப் பழுது பார்த்தே காலம் தள்ளிய நாடுதான் இது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேய வண்டியை வைத்து, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்த அம்பாசடர் கார் 1950களின் இறுதியில் பிறந்து, 2014 மே மாதம் வரை தயாரிப்பில் இருந்தது. அது ஏன் அத்தனை காலம் நிலைத்தது? அழகுக்காகவா? இல்லை. எந்த ஊர் மரத்தடி மெக்கானிக்கும் அதைப் பிரித்து மாட்ட முடிந்தது. கிடைக்காத சாமானை லேத் பட்டறையில் கடைந்துகொள்ள முடிந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 வண்டியும் அப்படியே. மூன்று சிலிண்டர், சிறிய எஞ்சின்; சந்து பொந்தெல்லாம் அதற்கு ஆள் இருந்தார்கள். அதன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது.

அதே 2014 ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. தோழர்கள் இதை மறக்கக் கூடாது. இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? உதிரிப் பாகங்களையும், பழுதைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடாமல் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அவர்களுக்கு வக்கீல் உண்டு, வாய்தா உண்டு. நம் மெக்கானிக்குக்கு என்ன உண்டு? கையில் ஒரு ஸ்பானர் உண்டு. அதுவும் இன்றைய வண்டியின் கம்ப்யூட்டர் மூளைக்கு முன்னால் செல்லாக் காசாகிறது.

ஒரு தோழருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஓடும்போதே பாட்டரி விளக்கு எரிந்தது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனார். “ஆல்டர்னேட்டர் போய்விட்டது, முழுதாக மாற்றவேண்டும்” என்று ஒரு தொகை சொன்னார்கள். அவருடைய ஒரு மாத வருமானம் அது! மனம் ஒப்பாமல் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனார். அவர் கழற்றிப் பார்த்தார். உள்ளே இரண்டு கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தன, அவ்வளவுதான். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. பெரிய ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் திருடர்கள் என்று நாம் சொல்லவில்லை. பழுது பார்க்கும் தொழிலை மறக்கடித்து, கழற்றி எறிந்து புதிதை மாட்டும் தொழிலாக அது மாற்றப்பட்டுவிட்டது என்றுதான் சொல்கிறோம். லாபம் அதில்தானே இருக்கிறது!

சர்க்கார் என்ன செய்கிறது? 2021இல் பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டும் கொள்கையை மத்திய சர்க்கார் கொண்டுவந்தது. வயது முக்கியம் அல்ல, தகுதிதான் முக்கியம். சோதனையில் தேறினால் வண்டி ஓடலாம் என்றார்கள். நல்ல பேச்சு. ஆனால் கட்டணத்தைப் பாருங்கள்! 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். தகுதிதான் முக்கியம் என்றால், தேறிய வண்டிக்கு ஏன் இந்தத் தண்டனை? பிறப்பை வைத்து மனிதனுக்குத் தரம் பிரிப்பது அநீதி என்று சொல்லி வளர்ந்த இயக்கம் நம்முடையது. பிறந்த ஆண்டை மட்டும் வைத்து வண்டிக்குத் தரம் பிரிப்பதும் நியாயம் ஆகாது என்கிறோம்.

“புகை கக்குகிறதே!” என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். புகையை அதிகம் குடிப்பவர் கண்ணாடி ஏற்றிய காரில் போகும் கனவான் அல்ல. சாலையோரக் குடிசையில் இருக்கும் நம் தாயும் குழந்தையும்தான். ஆகவே புகை கக்கும் வண்டிக்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். ஆனால் புகை வயதால் மட்டும் வருவதில்லை. அடைத்த ஏர் பில்டர், தேய்ந்த ரிங், கெட்டுப்போன இன்ஜெக்டர் இவற்றாலும் வருகிறது. இவையெல்லாம் பழுது பார்த்தால் தீரக்கூடியவை. பழுது பார்த்தும் சோதனையில் தேறாத வண்டியை நிறுத்துங்கள்; தேறியதை விடுங்கள். இதுதான் நம் கட்சி.

சர்க்காரைக் கேட்கிற நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை! நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம்! பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துப் பின்னால் வரும் சைக்கிள்காரரைச் சறுக்கி விழச் செய்கிறோம். அதே வண்டியின் பிரேக் ஆயிலைப் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டால் விழிக்கிறோம். எலுமிச்சம்பழம் வண்டியை நிறுத்துமா, தோழரே? பிரேக்தான் நிறுத்தும்!

கையில் காசு குறைவாக இருக்கும்போது எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. நாம் மூன்று வரிசை சொல்கிறோம்.

முதல் வரிசை உயிர் காப்பது. பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அது டயர் அல்ல, எமன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பழைய டயரைப் புதிது என்று விற்பவரிடம் இந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது வரிசை எஞ்சினைக் காப்பது. எஞ்சின் ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை குச்சியை உருவி அளவு பாருங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், உள்ளே துருப்பிடிக்கும். கூலண்ட் ஊற்றுங்கள். சூட்டு முள் ஏறினால் “இன்னும் இரண்டு மைல்தானே” என்று ஓட்டாதீர்கள். மலிவான ரப்பர் ஹோஸ் ஒன்றை மாற்றத் தயங்கி, சிலிண்டர் ஹெட்டையே வளைத்துக்கொண்டவர்கள் உண்டு. டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால், கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மிச்சம் பிடித்த காசு பத்து மடங்காகப் போகும்.

மூன்றாவது வரிசை கண்ணுக்கு அழகு. பெயிண்ட், சீட் கவர், பாட்டுப் பெட்டி. இவை காத்திருக்கலாம். கதவில் கீறல் இருந்தால் மானம் போகாது. பிரேக் இல்லாவிட்டால் உயிர் போகும்.

சாமான் வாங்குவதிலும் விவரம் வேண்டும். கார் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலையே, அதுபோன்ற பாகத்தைத் தன் சொந்தப் பெயர் போட்ட பெட்டியில் வெளியே விற்பதும் உண்டு. பெரும்பாலும் விலை குறைவு. அதை விசாரித்து வாங்குங்கள். போலியை வாங்காதீர்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கதவு, கண்ணாடி, விளக்குக் கூடு ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம், தவறில்லை. பிரேக் சாமானையும் ஸ்டியரிங் சாமானையும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். வேலைக்கு விடுமுன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் சொத்து.

படித்தவர்தான் எந்திரத்தைத் தொடவேண்டும் என்ற எண்ணமும் ஒழியவேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காத கோவை ஜி.டி.நாயுடு எந்திரத்தைப் பிரித்துப் பிரித்தே கற்றார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிப் பெரும் போக்குவரத்து நிறுவனத்தை எழுப்பினார். அறிவு யாருக்கும் பரம்பரைச் சொத்தல்ல.

சர்க்காரிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. மோட்டார் பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாக இறங்கியது, வரவேற்கிறோம். பழுது பார்க்கும் உரிமைக்காக 2022இல் மத்திய சர்க்கார் ஒரு குழு அமைத்தது, அவ்வாண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது, அதையும் வரவேற்கிறோம். ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது. பாகமும், விவரப் புத்தகமும், சோதனைக் கருவியும் நியாய விலையில் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்கவேண்டும். ஒரு வண்டியின் தயாரிப்பு நின்ற பின்னும் இத்தனை ஆண்டு பாகம் கொடுத்தே தீரவேண்டும் என்று கம்பெனிகளைச் சட்டம் கட்டவேண்டும். சோதனையில் தேறிய வண்டிக்கு வயதைக் காட்டிக் கட்டணம் ஏற்றுவது நிற்கவேண்டும். ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளைக்குப் புதிய வண்டிகளின் மின்னணுப் பாகங்களையும் கற்றுக்கொடுக்கவேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவேண்டுமா? வேண்டாம். கிளைக்கு ஒரு படிப்பகம் வைத்தவர்கள் நாம். அந்தப் படிப்பகத்தில் நல்ல ஜாக்கி ஒன்று, ஸ்பானர் செட் ஒன்று, பழுதைக் காட்டும் ஸ்கேனர் ஒன்று பொதுவில் வாங்கி வைத்தால் என்ன? ஒருவரால் வாங்க முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்தால் வாங்கலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழில் தெரிந்த தோழர் தெரியாத தோழருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். பத்திரிகை படிக்கக் கற்றுக்கொடுத்த இடம், பானட்டைத் திறக்கவும் கற்றுக்கொடுக்கட்டும்.

தூக்கி எறிவது பணக்காரருக்குப் பழக்கம். சரிசெய்து வாழ்வது உழைப்பவருக்குப் பண்பு. அந்தப் பண்பைக் குற்றமாக்க எவருக்கும் உரிமை இல்லை என்று கூறுகிறோம்.