போசாக்கு வகுப்பும் அடுக்களையும்

வறிய குடும்பங்களுக்கெனக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் நடத்தப்பெறும் போசாக்கு வகுப்புகள் சிலவற்றில் நான் அமர்ந்து கேட்டதுண்டு. பணி நல்லதே. ஆயினும் அங்கு ஒலிக்கும் பேச்சின் தொனி எனக்கு உடன்பாடானதன்று. பிள்ளையின் மெலிவுக்குத் தாயின் அறியாமையே காரணம் என்ற எண்ணம் அதில் மறைந்து நிற்கிறது. முட்டையும் மீனும் பாலும் நல்லவை என்பது எந்தத் தாய்க்குத்தான் தெரியாது? அவற்றை வாங்கக் காசில்லை என்பதே அவள் குறை.

2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. உழைப்பவன் கூலி அவ்வாறு உயரவில்லை. 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் சிறுவருக்கும் வழங்கப்பட்டுவந்த திரிபோஷாவின் உற்பத்தியும் அவ்வாண்டில் சோளமின்றித் தடைப்பட்டது. அத்தகைய வேளையில் "பால் கொடுங்கள்" என்ற உபதேசம் யாருக்குப் பயன்படும்?

அப்படியாயின் வகுப்பே வேண்டாமா? வேண்டும். காசு கேளாத அறிவை அது முதலிற் புகட்ட வேண்டும். தோட்டத்துத் தாய் ரொட்டியோடு வெறுந் தேநீர் அருந்துகிறாள். உணவோடு பருகும் தேநீர், அவ்வுணவின் இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது; ஒரு மணி நேரம் பிந்திக் குடித்தால் அத்தடை பெரிதும் குறையும். வேலி முருங்கையின் இலையை வறை செய்து தேசிக்காய் பிழிந்தால் அச்சத்து நன்கு சேரும். ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீரிலும் பருப்போடு குழைத்த சோறு மேலானது. முட்டையின் பெருமையை அறிந்த தாய்மாருள்ளும் இவற்றை அறியாதார் பலர்.

மற்றொன்றும் உண்டு. பல வீடுகளில் தாயே கடைசியில் உண்கிறாள். மீனின் நடுத்துண்டு ஆண்களின் கோப்பைக்கே போகிறது. எனவே தந்தையரும் மாமிமாரும் அவ்வகுப்பில் அமர வேண்டும். உள்ளதை ஒழுங்காகப் பங்கிடப் பணம் வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின்னரும் பசி எஞ்சும். அதைப் போக்க நியாயமான கூலி வேண்டும். அப்பொறுப்பை வகுப்பின் தலையிலும் தாயின் தலையிலும் சுமத்துதல் அநீதி. வகுப்பு நடத்தச் செல்லும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நான் வேண்டுவது இதுவே: பாடத்தைத் தொடங்குமுன், "அம்மா, இன்று வீட்டில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள்.