பாட்டியின் மாத்திரை டப்பாவில் மீதி எத்தனை?

திங்கட்கிழமை காலையில் வேங்கிக்கால் பக்கம் போனால் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் களைகட்டியிருக்கும். மனுவோடு பஸ்ஸைவிட்டு இறங்கும் பெரியவர்களில் பலர் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். அவர்களுடைய பையைத் திறந்தால் மனுவோடு ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும். பௌர்ணமி வந்துவிட்டால், 14 கிலோமீட்டர் கிரிவலம் கிளம்பும் முன்பே 'வலி வராம இருக்க ஒண்ணு' என்று போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

அந்த அட்டை எப்போது வாங்கியது? இதுவரை எத்தனை போட்டாயிற்று, மீதி எத்தனை? பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாது. சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் வேளை உண்டு, கணக்கும் உண்டு. வலி மாத்திரைக்கு மட்டும் 'வலிச்சா போட்டுக்கோ' என்பதுதான் கணக்கு. மூட்டுத் தேய்மானம், முதுகுத்தண்டு பிரச்னை, நரம்பு வலி, புற்றுநோய் வலி என மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது.

எண்ணுவது போலீஸ் வேலையா?

நாள்பட்ட வலிக்கு மருந்து வாங்குபவரின் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பது, பல நாடுகளில் சிகிச்சையின் ஒரு பகுதி. அமெரிக்காவில் இதற்கு ஒரு கசப்பான பின்னணி இருக்கிறது. 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வீரியமான வலி நிவாரணி அங்கே விற்பனைக்கு வந்தது. அபின் வகையைச் சேர்ந்த இதுபோன்ற மாத்திரைகளை டாக்டர்கள் தாராளமாக எழுதிக்கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் அடிமையானார்கள். அதன் பிறகு கெடுபிடி தொடங்கியது. நோயாளியிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். திடீரென போன் செய்து 'மாத்திரை பாட்டிலை எடுத்துக்கொண்டு வாருங்கள்' என்பார்கள். எண்ணிக்கை தப்பினால் மருந்து நின்றுபோகவும் வாய்ப்புண்டு.

2016-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதைக் காரணம் காட்டிப் பல டாக்டர்கள் மருந்தைச் சட்டென்று வெட்டினார்கள். நேர்மையாகச் சாப்பிட்டுவந்த நோயாளிகளும் வலியில் துடித்தார்கள். அபின் வகை மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்று 2019-ல் அங்குள்ள மருந்து நிர்வாகமே எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2022-ல் வழிகாட்டு நெறிகளையும் திருத்தினார்கள். எண்ணியதில் தவறில்லை. எண்ணியவுடன் தண்டித்ததுதான் வினையானது.

நம் ஊர்க் கதை வேறு

இந்தியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அபின் செடியை அரசு அனுமதியோடு பயிரிடும் நாடு இது. ஆனால், 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, புற்றுநோய் வலிக்குத் தேவையான மார்ஃபின் மாத்திரைக்கே பல லைசென்ஸ்கள் வாங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 'எதற்கு வம்பு' என்று மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் நடைமுறை எளிதானது.

இதற்கெல்லாம் முன்பே கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் உள்ளிட்டோர் நடத்திவந்த வலி நிவாரண மையம், மார்ஃபின் மாத்திரைகளை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகள். மாத்திரை தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவோ, வெளியே கைமாறியதாகவோ ஒரு சம்பவம்கூடக் கண்டறியப்படவில்லை. 2001-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த விவரம் வெளியானது. ராஜகோபாலுக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நோயாளியை நம்பலாம் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. டேபென்டடால் என்ற வலி நிவாரண மாத்திரையை இளைஞர்கள் சிலர் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்வதும், அதை விற்றவர்கள் கைதாவதும் தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் செய்தி. டிரமடால் மாத்திரை 2018-லேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அது ஹெச்-1 பட்டியலிலும் இருக்கிறது. அந்தப் பட்டியல் மருந்துகளை விற்கும் மெடிக்கல் ஷாப், எழுதிக்கொடுத்த டாக்டர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படக் கூடாது. அவர் செய்வது சட்டம் சொல்லும் வேலை.

கூடினாலும் சேதி, குறைந்தாலும் சேதி

வீட்டுக் கணக்கு ரொம்ப எளிது. தினமும் இரண்டு வீதம் 28 நாளுக்கு 56 மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 20 நாள் முடிந்தால் 40 தீர்ந்து 16 மீதி இருக்க வேண்டும்.

பாட்டியின் டப்பாவில் 30 இருக்கிறது என்றால், அவர் 14 வேளை மாத்திரையை விட்டிருக்கிறார். ஏன்? மலச்சிக்கலாக இருக்கலாம். அபின் வகை மருந்து சாப்பிடும் பெரும்பாலானோருக்கு அது வரும். டாக்டரிடம் சொன்னால் அதற்கும் சேர்த்து மருந்து தருவார். தலைசுற்றலாக இருக்கலாம். 'இதெல்லாம் பழக்கமாயிடும்' என்ற பயமாக இருக்கலாம். 'பையனுக்குச் செலவு வைக்க வேணாம்' என்று மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வெளியே சொல்லாத பாட்டியைக் காட்டிக்கொடுப்பது அந்த 30 மாத்திரைதான்.

மாறாக 4 மட்டுமே இருந்தால்? 12 மாத்திரை கூடுதலாகப் போயிருக்கிறது. கொடுத்த அளவு வலிக்குப் போதவில்லை என்று அர்த்தம் இருக்கலாம். போட்டதை மறந்து மறுபடி போட்டிருக்கலாம். 'எனக்கும் இதே முட்டி வலிதான்' என்ற பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்திருக்கலாம். வீட்டில் இருக்கும் வேறு யாராவது எடுத்திருக்கவும் கூடும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு வேறு. எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. அதட்டிக் கேட்டால், கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காகவே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். எண்ணிக்கை சரியாக வரும், உண்மை வெளியே வராது.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

எண்ண வேண்டியது டாக்டர் கொடுத்ததை மட்டும் அல்ல. காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரையில் பாராசிட்டமால் 650 மில்லிகிராம் இருக்கும். மூட்டு வலிக்கு வாங்கிய கூட்டு மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம்தான். 650 மாத்திரை ஆறு போட்டாலே 3,900 ஆகிவிடும். அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. வயதானவர்கள், மெலிந்தவர்கள், மது அருந்துபவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு.

டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் போன்றவை போதை தருவதில்லை. அதனால் 'சாதா மாத்திரை' என்று நினைக்கிறோம். தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு வரலாம். ரத்த அழுத்தமும் ஏறலாம். சுகரும் பிரஷரும் இருக்கும் பெரியவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மாத்திரை சாப்பிடுபவரையும் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணலாம். அவருக்குத் தெரியாமல் டப்பாவைக் குடையக் கூடாது.

* கேள்வியின் வரிசை முக்கியம். முதலில் 'வலி எப்படி இருக்கு, ராத்திரி தூங்கினீங்களா?' அப்புறம் 'வயிறு சரியா போகுதா?' கடைசியாகத்தான் 'மீதி எத்தனை?'. வரிசை மாறினால் 'என் மேலேயே சந்தேகமா?' என்ற பதில்தான் வரும்.

* நோட்டில் தேதி, வேளை, மாத்திரை பெயர், வலி அதிகமா குறைவா என்று நான்கு கட்டம் போதும். எழுத முடியாதவர்கள் காலண்டரில் கோடு போடலாம்.

* டாக்டரிடம் போகும்போது மெடிக்கலில் தானாக வாங்கியது, நாட்டு மருந்து, தூக்க மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப்போக வேண்டும். அபின் வகை வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

* வீரியமான மாத்திரைகளைப் பூட்டிவைப்பது நல்லது. நோயாளி இறந்துவிட்டால் மீதமுள்ள மார்ஃபினை, கொடுத்த மருத்துவமனையிடமே திருப்பித் தர வேண்டும்.

* கணக்கு தப்பியது என்பதற்காக வீட்டில் இருப்பவர்களாகவே மருந்தை நிறுத்தக் கூடாது. டிரமடால், பிரீகாபலின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வரலாம். டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரையோடு படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும். நடக்க முடியாத ஒருவர் வீட்டில் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பெயரைப் பதியலாம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். செவிலியர் வீட்டுக்கு வரும் நாளில் மாத்திரை டப்பாவையும் அந்த நோட்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தால், அடுத்த மாத மருந்தின் அளவை டாக்டர் சரியாக முடிவு செய்ய அதுவே உதவும்.