இணையவழிக் கணக்கு யாருடைய வீட்டை எண்ணி?

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கப்பட்டது திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில்தான். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025க்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது அதன் இலக்கு. அதே மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிப் பகுதியின் சேரிகளில் நின்று இந்த இலக்கைப் பார்க்கையில், நமக்கு எழும் கேள்வி பள்ளியைப் பற்றியது மட்டுமன்று. வீட்டைப் பற்றியதும் ஆகும்.

பாடநூலில் கியூஆர் குறியீடு இருக்கிறது, திக்‌ஷா செயலி இருக்கிறது, கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, யூடியூபில் காணொளிகள் குவிந்திருக்கின்றன. பெற்றோர் சற்று அமர்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும் என்கிறார்கள். எந்தப் பெற்றோர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பட்டியல் சாதிப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு மேல் எழுத்தறிவு பெறாதவர்கள். தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் ஒருங்கிணைத்த ஆய்வு, ஊர்ப்புற தலித், பழங்குடிக் குழந்தைகளில் 4 விழுக்காட்டினரே இணையவழியில் ஒழுங்காகப் படித்ததாகக் கண்டது. பிற ஊர்ப்புறக் குழந்தைகளில் அது 15 விழுக்காடு. வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும் என்றால், குறியீடு அச்சிட்ட பக்கம் வெறும் பக்கம்தான்.

கைபேசி கிடைத்துவிட்டால் சிக்கல் தீருமா? 500இலிருந்து 368ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மலைக்கோயில் அடிவாரத்தில் பூ விற்கும் தாய் மனத்துக்குள் மேலே எண்ணிப் போவார்: 368உடன் 2, 370, அதனுடன் 30, 400, இன்னும் 100. மீதி 132. பிழையே இல்லை. காணொளியோ இனமாற்றிக் கழிப்பதைக் காட்டுகிறது. தாய்க்குப் பழகிய சொல்லோ கடன் வாங்குவது. (வட்டிக்கடை வாசலை அறிந்தவருக்கு அந்தச் சொல்லின் கசப்பும் தெரியும்.) "அம்மா, நீ போடுறது தப்பு" என்று பிள்ளை சொல்லும்போது தாய் ஒதுங்கிக்கொள்கிறார். கணக்குத் தெரிந்தவர் தெரியாதவராக்கப்படுகிறார். உழைக்கும் சாதியாரின் அறிவை அறிவென்றே கொள்ளாத பழைய வழக்கம் செயலியின் வழியாகவும் வீட்டுக்குள் நுழைகிறது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறாரை ஆராய்ந்து 2025இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வும் இதையொட்டியதே: விற்பனையில் சிக்கலான கணக்கை மனத்தால் போட்டவர்கள் பள்ளிப் பாணிக் கணக்கில் தடுமாறினர். இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவது பள்ளியின் கடமை.

இங்கே மொழியும் குறுக்கே வருகிறது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வீட்டு மொழிகள் எல்லைக்கோட்டைப் பார்த்து மாறவில்லை. தெலுங்கு பேசும் அருந்ததியர் வீட்டில் பதகொண்டு என்று எண்ணிய குழந்தை பள்ளியில் பதினொன்று என்று தொடங்குகிறது. அந்தத் தாய்க்கு அவர் மொழியில், எழுத்தை நம்பாமல், குரல்வழியில் உதவும் பாடமே பயன்படும்.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் செயலிக்குப் பதிலாக மனிதர் வந்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், குடியிருப்புக்குள்ளேயே மாலையில் கற்பித்தனர். தொகை சொற்பம் என்பது வேறு வழக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கைப் பெற்றோருக்கும், பாதி இடங்களைப் பெண்களுக்கும் தருகிறது. நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடமளிக்கவும் சொல்கிறது. சேரிக்குள் மாலை வகுப்பு, அதற்கு நியாயமான ஊதியம், இரு மொழியிலும் குரல்வழிப் பாடம், தாய்மாரின் கணக்கு முறைக்கு வகுப்பறையில் இடம்: இவற்றை அந்தக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கும் வேலையில் திருத்தணியின் கல்லூரி மாணவர்கள் தாய்மாரோடு அமரலாம்.